எங்கள் வீட்டு 2-சி கணக்கு

ஓசூரில் இருக்கும் என் மகன் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பிள்ளைகளை இங்கே ஊத்தங்கரையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். 2022 மே மாதம் வந்தபோது பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 8. பேத்தியின் பள்ளியில் விடுமுறை வேலை கொடுத்திருந்தார்கள். உங்கள் ஊரில் உள்ள 20 மரங்களின் பெயரும் பயனும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலை ஒட்டி வர வேண்டும்.

"தாத்தா ரெவின்யூல இருந்தவரு. எல்லா மரமும் அவருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மகன் கார் ஏறிவிட்டான்.

வேம்பு, புளி, மா, தென்னை, பனை, ஆல், அரசு, புங்கை, முருங்கை. ஒன்பதில் நின்றுவிட்டேன். பத்தாவதாக வாழை என்றேன். "அது மரமே இல்ல தாத்தா" என்றான் பேரன். ஆள் சின்னவன், ஆனால் சொன்னது சரி.

எனக்கு ஏன் மரம் தெரியாமல் போயிற்று என்பதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். பாதி உண்மை, பாதி சாக்கு. நான் புதுச்சேரிக்காரன். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு 12 வயது. அப்போதும் எங்கள் வகுப்பில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். 'தித்தே' என்று ஒன்று உண்டு. ஆசிரியர் வாசிக்க வாசிக்க நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். இலையுதிர்காலம், காடு, பனி என்றுதான் பெரும்பாலும் வரும். அதில் வரும் மரங்கள் 'ஷேன்', 'சப்பேன்', 'மரோனியே', 'பெப்லியே'. ஒன்றையும் நான் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் எந்த எழுத்தின் மேல் தொப்பிக் குறி வரும் என்று நன்றாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது. அதன் இலையைச் சுருட்டி பீப்பீ ஊதுவோம். ஊதுகிற மரம் என்பதற்கு மேல் அதற்கு ஒரு பெயர் இருக்குமென்று நினைத்துப் பார்த்ததில்லை.

1964-ல் அப்பா தவறிப்போனார். திருவண்ணாமலையில் தாய்மாமன் வீடு. அங்கே தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, 1973-ல் தேர்வு எழுதி, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பெண்ணும் இந்தப் பக்கமே அமைந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2008-ல் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டேன்.

35 வருடம் வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு மரமே தெரியாதா என்று கேட்பீர்கள். காகிதத்தில் தெரியும். கிராமக் கணக்குகளில் 2-சி என்று ஒன்று உண்டு. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை போன்ற மரங்களின் மகசூலை ஒருவர் அனுபவித்துக்கொள்ள அனுமதி கொடுப்பதைத்தான் 2-சி பட்டா என்பார்கள். நிலம் சர்க்காருக்கு, காய் பட்டாதாரருக்கு. அதற்கு ஒரு சிறிய தொகை கட்ட வேண்டும். வருடா வருடம் ஜமாபந்தியில் அந்தக் கணக்கைச் சரிபார்ப்போம். 'புளி 3, பனை 11, வேம்பு 1' என்று வரும். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து சிவப்பு மையில் டிக் போடுவேன். அந்த மூன்று புளியும் என்ன நிறத்தில் துளிர்க்கும் என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பேத்தியின் பட்டியல் ஒன்பதில் நின்றதும் சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். சிங்காரப்பேட்டைப் பக்கத்துக் கிராமம், சவ்வாது மலை அடிவாரம். "இருபது என்ன, நம்ம தெருவுல இருந்து பாம்பாறு அணை வரைக்கும் போனா அம்பது இருக்கும். வாங்க" என்று செருப்பை மாட்டினாள். அவளுக்கு முட்டி வலி. அன்றைக்கு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாங்கள் நான்கு பேரும் அந்த மே மாதம் முழுக்க காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மரம் பார்க்கிற வழி எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் இலையைப் பார்த்தேன், பேத்தி ஃபோனில் படம் எடுத்தாள், என் மனைவி கிள்ளி முகர்ந்தாள். ஓர் உயரமான மரத்தின் இலையைக் கசக்கி மூக்கருகே நீட்டினாள். நாற்றம். "இது ஆயா மரம்" என்றாள். வீட்டில் அவளையே பிள்ளைகள் 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மெல்லிய காகிதத்துக்குள் ஒட்டி வைத்த மாதிரி அதன் விதை. காற்றில் சுழன்று வருவதைப் பிடிக்க ஓடினான். அந்தப் பெயரை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

நுணா மரத்தைக் காட்டி, இதில்தான் நுகத்தடி செய்வார்கள், எடை குறைவு, மாட்டின் கழுத்துக்கு நோகாது என்றாள். கொடுக்காப்புளியை உதிர்த்துக் கொடுத்தாள். ஃபோன் அதன் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம் என்றது. அவள் நம்பவில்லை. "எங்க பாட்டி காலத்துலேயே எங்க வேலியில இருந்துச்சு" என்றாள். தூங்குமூஞ்சி மரமும் தென் அமெரிக்கா என்று வந்தது. வாசல்தோறும் சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றை மடகாஸ்கர். அது ஒன்று மட்டும் எனக்குப் பழைய சிநேகம். புதுச்சேரியில் அதை 'ஃப்லம்புவாயான்' என்போம், தீப்பிடித்து எரிவது போல என்று பொருள். புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று படித்தபோது மட்டும் வீட்டில் கொஞ்ச நேரம் அமைதி. அன்றைக்கு ரசம் வழக்கம்போலத்தான் இருந்தது.

ஒரு மரத்தில் ஃபோனுக்கும் ஆயாவுக்கும் சண்டை. அவள் உசிலை என்றாள், இதன் இலையைக் காயவைத்து இடித்தால் அரப்பு என்றாள். ஃபோன் 'அல்பிசியா அமாரா' என்றது. பேத்தி மறுபடி தேடிப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னாள். 'அமாரா' என்றதும் எனக்குள் ஏதோ தட்டியது. பிரெஞ்சில் 'அமேர்' என்றால் கசப்பு. லத்தீனில் அதேதான். 60 வருடம் தூங்கிய பிரெஞ்சு எழுந்து உட்கார்ந்தது. ஆனால் அரப்பு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். புதுச்சேரியில் என் அம்மா எனக்குத் தலைக்குத் தேய்த்த அரப்பு பச்சை நிறமில்லை. பிண்ணாக்கை இடித்த பழுப்புத் தூள். "அது இலுப்பைப் பிண்ணாக்கு. அதையும் அரப்புன்னுதான் சொல்லுவாங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் காரணம் கேட்கவில்லை.

அந்த மாதத்தில் எனக்கு மட்டுமே கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. அணைக்குப் போகும் வழியில் ஒரு பூவரசு. பேரன் இலையைச் சுருட்டி ஊதினான். நானும் ஊதினேன், சத்தம் வந்தது. என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றது இந்த மரம்தான் என்று அப்போதுதான் பெயரோடு தெரிந்தது. பேத்தி ஃபோனைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள், "தெஸ்பீசியா பாபுல்னியா." நான் நின்றுவிட்டேன். பாபுல்னியா என்றால் 'பாபுலஸ்' போன்ற இலை உடையது. லத்தீன் பாபுலஸ்தான் பிரெஞ்சின் 'பெப்லியே'. எந்த மரத்தைப் பார்க்காமலே பக்கம் பக்கமாக எழுதினேனோ, அதன் சாயல் என்று சொல்லித்தான் ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதை நடுரோட்டில் நின்று மூன்று பேருக்கும் விளக்கினேன். பேரன், "இன்னொரு இலை பறிக்கவா தாத்தா?" என்றான்.

பள்ளிக்கு 20 போதும். எங்களுக்குப் போதவில்லை. நான் ஒரு நீளமான நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். வரிசை எண், மரம், நிற்கும் இடம், பயன், சொன்னவர், குறிப்பு. பேத்தி அட்டையில் 'எங்கள் வீட்டு 2-சி கணக்கு' என்று எழுதினாள். பெயர் நான் சொன்னது. 'சொன்னவர்' என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'ஆயா, ஆயா, ஆயா' என்றுதான் இருக்கும். என் பெயர் நான்கு இடத்தில் வருகிறது. மாமரத்துக்கு மகன் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், கூழ் ஆலைகளுக்குப் போகிற கிளிமூக்கு மாங்காயைத்தான் நாம் பெங்களூரா என்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, கூடவே ஒரு மரத்தில் ஏறியும் காட்டினான். 45 வயதில். மருமகள் கீழே நின்று திட்டினாள்.

சாலைப் புளியமரங்களுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி வருகிற சாலைதான் என் வாழ்க்கை. புதுச்சேரியில் பிறந்த வீடு ஒரு முனையில், வேலை செய்த அலுவலகங்கள் மறுமுனையில். முன்பு தேசிய நெடுஞ்சாலை 66, இப்போது 77. பஸ்ஸில் வரும்போது இரண்டு பக்கமும் புளி, அடிமரத்தில் வெள்ளையடித்து எண் போட்டிருக்கும். மகசூலை ஏலம் விடுவார்கள். மாசி பங்குனியில் ஏலம் எடுத்தவரின் ஆட்கள் மரத்தின் மேல் நின்று உலுக்க, கீழே பெண்கள் பொறுக்குவார்கள். பஸ் மெதுவாகப் போகும். சாலையை அகலப்படுத்தியபோது பல மரங்கள் போயின. அகலம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஓசூரிலிருந்து என் பிள்ளைகள் இப்போது சீக்கிரம் வந்து சேர்கிறார்கள். ஆனால் நெடுஞ்சாலை என்றால் நடுவில் அரளிச் செடி என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் பொங்கலுக்கு வந்தபோது பேத்தி தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன தாத்தா?"

இந்தப் பழமொழியை நான் வெகுகாலம் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். புதுச்சேரியில் ஆலை என்றால் பஞ்சாலை. ரோடியர் ஆலை சங்கு ஊதினால் மணி தெரியும். மில் இல்லாத ஊரில் சம்பளம் இருக்காது, அதனால் சர்க்கரை வாங்க முடியாது, பூவைத் தின்பார்கள் என்று நானாக ஓர் அர்த்தம் வைத்திருந்தேன். அது கரும்பாலை என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளிடம் இதைச் சொல்ல, சிரித்தார்கள். "ஓசூர்ல நிறைய ஆலை இருக்கு, நமக்கு சர்க்கரை உண்டு" என்றான் பேரன்.

"இலுப்பை நம்ம கணக்குல இல்லையே. எங்க ஆயா இருக்கு?" என்றாள் பேத்தி.

"உங்க தாத்தாவைக் கேளு" என்றாள் மனைவி.

எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

1984-ஆம் வருடம், மாசி மாதம். எந்த அலுவலகம், எந்தக் கிராமம் என்பது இங்கே வேண்டாம். என் மனைவியின் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊர் என்று மட்டும் சொல்கிறேன். புறம்போக்கில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. பட்டுப்போய், பாதையில் போகிறவர்கள் மேல் விழும் நிலையில் இருக்கிறது, வெட்டி ஏலம் விட அனுமதி வேண்டும் என்று கீழிருந்து அறிக்கை வந்தது. நான்தான் பிரிவு எழுத்தர். அறிக்கை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, சுற்றளவு இருக்கிறது. 'இலைகள் முற்றிலும் உதிர்ந்து பட்டுப்போன நிலையில் உள்ளதால் பரிந்துரைக்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத் தூரம். போகவில்லை. போயிருந்தாலும் அன்றைக்கு எனக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

"அன்னைக்கு ராத்திரி சோறு போடும்போதே சொன்னேங்க. மாசியில இலுப்பை அப்படித்தான் நிக்கும். ஒரு இலை இருக்காது. பங்குனியில பாருங்க, செம்பு நிறத்துல துளிர் விட்டுப் பூக்கும்னு. 'ஃபைல் போயிடுச்சு'ன்னீங்க."

அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் இருக்கும்போது என்னை விட்டுக்கொடுத்துப் பேசுகிறவள் இல்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக உறைத்தது. அவள் சொன்னதே எனக்கு நினைவில் இல்லை. ஆனால் மற்றது நினைவிருக்கிறது. எழுத்தர்களுக்கு இது ஒரு சாபம், கோப்பு எங்கே எத்தனை நாள் இருந்தது என்பது மறக்காது. அந்தக் கோப்பு எங்கும் போய்விடவில்லை. தலைமை எழுத்தரின் மேஜையில், என் நாற்காலியிலிருந்து கைநீட்டும் தூரத்தில், நான்கு நாள் கிடந்தது. "ஐயா, அதில் ஒரு சந்தேகம், நேரில் பார்த்துவிட்டு வைக்கிறேன்" என்று எடுத்திருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் படித்த மனைவி சொன்னாள் என்று ஒரு கோப்பைத் திரும்ப வாங்குவதா என்று நினைத்திருப்பேன். அப்படித்தான் அன்றைக்கு நான் இருந்தேன்.

சித்தி அந்த மரத்தடியில் ஆடி மாதம் கொட்டை பொறுக்கி, செக்கில் கொடுத்து எண்ணெய் ஆட்டி, வருடம் முழுக்க விளக்கெரித்திருக்கிறாள். விடிகாலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கித் தின்றதாக மனைவி சொன்னாள். வெட்டிய பிறகு சித்தி என் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாப்பிள்ளை என்ற மரியாதை. அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று.

பேத்தி மட்டும் விடவில்லை. "வேற எங்கயும் இலுப்பையே இல்லையா?" பலரைக் கேட்டோம். பழைய அலுவலக நண்பர் ஒருவர், மலையடிவாரத்தில் ஒரு கோயில் திடலில் இரண்டு நிற்பதாகச் சொன்னார். பங்குனிக் கடைசி சனிக்கிழமை இரவு மகன் பிள்ளைகளோடு வந்தான். ஞாயிறு விடிவதற்கு முன் ஆறு பேரும் ஒரே காரில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். மனைவிக்கு முன் இருக்கை, முட்டிக்காக.

இருட்டு பிரியும் நேரம். மரத்தைப் பார்ப்பதற்கு முன் வாசனை வந்தது. இனிப்பு, ஆனால் கொஞ்சம் புளித்த இனிப்பு. தரையெல்லாம் வெளிர் மஞ்சளில், பெரிய முத்து மாதிரி பூக்கள். பூ என்றால் இதழ் அல்ல, சதைப்பற்றுள்ள சின்ன குமிழ். எங்கள் எதிரிலேயே ஒன்றிரண்டு 'பொட்' என்று விழுந்தன. மேலே கிளை நுனிகளில் தாமிர நிறத் துளிர். அவள் சொன்னபடியே.

மனைவி குனிய முடியாமல் நின்றாள். பேரன் ஒரு கை நிறையப் பொறுக்கி நீட்டினான். அவள் ஒன்றை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தாள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது. மருமகளுக்கு வாசனை பிடிக்கவில்லை. மகன் ஐந்தாறு தின்றான். பேத்தி அடிமரத்தைக் கட்டிப் பார்த்து, கை எட்டவில்லை என்று தம்பியையும் சேர்த்துக்கொண்டாள். அப்போதும் எட்டவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் ஏற்றினாள். வரிசை எண் 47, இலுப்பை. சொன்னவர்: ஆயா. எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமலே கேட்டாள். "தாத்தா, அந்த வெட்டுன மரத்தையும் எழுதலாமா? நிற்கும் இடம்னு என்ன போடறது?"

நோட்டை வாங்கி நானே எழுதினேன். வரிசை எண் 48, இலுப்பை. நிற்கும் இடம் என்ற கட்டத்தில் சித்தியின் ஊர்ப் பெயர். சொன்னவர், மனைவியின் பெயர். குறிப்பில், '1984 மாசியில் இலை உதிர்ந்திருந்தது. பட்டுப்போகவில்லை' என்று எழுதி, கீழே தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். பழக்கதோஷம். மனைவி எட்டிப் பார்த்தாள். "கண்ணாடி இல்லாம எழுதிட்டீங்க, கோணலா இருக்கு" என்றாள்.

அந்த ஆடியில் அவளே சொல்லி அதே திடலிலிருந்து கொட்டை எடுத்து வந்தோம். இலுப்பைக் கொட்டையை வைத்திருந்து விதைத்தால் முளைக்காது, விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டும் என்று அவசரப்படுத்தினாள். ஆவின் கவரில் மண் நிரப்பிப் பன்னிரண்டு ஊன்றினோம். ஏழு முளைத்தது, இரண்டை ஆடு கடித்தது. மீதி ஐந்தும் மாடிப்படிக்குக் கீழே நிற்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு ஜாண் உயரம். மெதுவாகத்தான் வளர்கிறது. ஒன்றை ஓசூருக்கு எடுத்துப்போவதாகப் பேத்தி சொல்லியிருக்கிறாள், அவர்கள் குடியிருப்பில் அனுமதி கேட்க வேண்டுமாம். மற்றதை எங்கே நடுவது என்று தினமும் பேச்சு. சித்தி ஊருக்கே கொண்டுபோய் அந்தப் பழைய இடத்தில் நடலாம் என்று நான் சொல்கிறேன். அது இன்னும் புறம்போக்குதானா, யாராவது வீடு கட்டிவிட்டார்களா என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள் என்கிறாள் மனைவி. வரும் வியாழக்கிழமை பஸ்ஸில் போகிறோம்.